ஆறு பேர் நிற்கும் இரும்பு அறை

அமெரிக்காவின் மூர் நகரில் வீடு பார்க்கப் போனால், ஏஜென்ட் சமையலறையைக் காட்டும் முன்பே கராஜுக்குக் கூட்டிப் போய்விடுவார். தரையில் இரும்பு மூடி ஒன்று பதித்திருந்தால் அதை ஷூ நுனியால் தட்டிக் காட்டுவார். டொர்னேடோ என்கிற சுழல்காற்று வந்தால் ஒதுங்கிக்கொள்ள ஷெல்டர் இருக்கிறது, ரொம்பப் பேரம் பேசாதீர்கள் என்று அர்த்தம். நாங்கள் வாங்கிய வீட்டில் அந்த மூடி இல்லை. விலை எங்கள் கைக்கு எட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் மூர். டொர்னேடோ என்றால் அமெரிக்காவில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். 1999 மே 3 அன்று பிரிட்ஜ் கிரீக் என்ற ஊர் வழியாக இங்கே வந்தது, போகிற வழியில் 36 பேரைக் கொண்டுபோனது. 2003, 2010 என்று திரும்பத் திரும்ப வந்தது. 2013 மே 20 அன்று வந்ததில் 24 பேர் இறந்தார்கள். அதில் 7 பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள். அந்தப் பள்ளியைத் திரும்பக் கட்டியபோது பாதுகாப்பு அறையோடு சேர்த்துத்தான் கட்டினார்கள். 2014இல் நகராட்சி கட்டட விதியையே மாற்றியது. புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும். கராஜ் கதவு உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும் என்பதால் அந்தக் கதவுக்கே தனி விதி இருக்கிறது. எங்கள் வீடு அதற்கெல்லாம் முன்னால் கட்டியது.

நான் வேதாரண்யம் பக்கத்து ஆள். புயல் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஊர்ப் புயலுக்கு ஒரு மரியாதை உண்டு. 2018இல் கஜா வந்தபோது நாலைந்து நாள் முன்பிருந்தே டிவியில் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடுமாட்டை அவிழ்த்துவிட்டு, பத்திரத்தை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போக நேரம் இருந்தது. தென்னை அத்தனையும் சாய்ந்தது வேறு கதை.

இங்கே காலையில் "இன்று வாய்ப்பு இருக்கிறது" என்பார்கள். நிஜமாகவே வருகிறது என்ற எச்சரிக்கைக்கும் காற்று வாசலுக்கு வருவதற்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். தெருவில் ஊதுகிற சைரன்கூட வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடுகிற வீட்டுக்குள் கேட்கும் என்று நம்ப முடியாது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். முதல் தடவை கேட்டு நாங்கள் குளியலறைக்குள் ஓட, பக்கத்து வீட்டுக்காரர் நிதானமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு நம்ப முடியாமல் போனது வேறொன்று. இவ்வளவு பட்ட ஊரில் ஓடிப்போய் ஒதுங்கப் பொதுப் புகலிடம் கிடையாது. பத்து நிமிடத்தில் ஊர் ஜனத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, வழியில் காரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று நகராட்சி கேட்கிறது. நியாயமான கேள்விதான். 2013 மே 31 அன்று இதே மாநிலத்து எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான டொர்னேடோ வந்தது. இதுவரை பதிவானதிலேயே அதுதான் அகலமானது. பதினோரு நாள் முன்னால் மூரைப் பார்த்த பயத்தில் ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப, நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்தச் சுழலில் இறந்த 8 பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். ஆக, அவரவர் வீட்டில் அவரவர் செலவில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

செய்துகொள்ளலாமா என்பதில்தான் இழுபறி. நண்பர் ஒருவர் கணக்குப் போட்டே காட்டினார். சுழலின் பாதை பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. மூரிலேயே பெரும்பாலான வீடுகளை எந்த டொர்னேடோவும் தொட்டதில்லை. அந்தப் பணத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய் வரலாம் என்றார். என் மனைவிக்கு வேறு கவலை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், நாளைக்கு வேலை மாறினால் ஊரையே மாற்ற வேண்டும், தரையில் பதித்ததைப் பெயர்த்தா எடுத்துப் போக முடியும்? நான் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் முடிந்து வானம் ஒரு மாதிரிப் பச்சையாகத் தெரிந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு இரண்டு பேருமே வேண்டாம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

அப்புறம் எது வாங்குவது என்ற கேள்வி. இந்தச் செம்மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனாலேயே இங்கே வீட்டுக்கடியில் நிலவறை கட்டுவது அபூர்வம். பரவலாக இருப்பது கராஜ் தரையை வெட்டி இறக்குகிற இரும்புப் பெட்டி. நறுக்கென்று செங்குத்தான ஏழெட்டுப் படி, மேலே இழுத்து மூடுகிற மூடி. காரை அதன் மேலேயே நிறுத்திக்கொள்ளலாம், விலையும் குறைவு. அதைத்தான் சொல்லி வைத்திருந்தோம்.

அம்மா ஏப்ரலில் வந்தார். நம் பெற்றோர்கள் வருவதே அப்போதுதானே: குளிர் போய், புல் பச்சையாகி, டொர்னேடோ காலமும் தொடங்குகிற நேரம். மாதிரிக்கு வைத்திருந்த பெட்டியைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப்போனோம். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பகல்ல பத்து நிமிஷத்துல எறங்கிடுவேன்டா. ராத்திரி தூக்கத்துல எழுப்புனா எறங்க மாட்டேன். நீங்க போங்க, நான் மேல சாமி ரூம்லயே இருக்கேன்." அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, ரேஷன் கடை மூடியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அத்தோடு அந்தப் பெட்டி முடிந்தது.

தரைக்கு மேலே நிற்கிற இரும்பு அறையும் உண்டு, கராஜ் மூலையில் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு முறுக்குவது. மண்ணுக்குக் கீழே இருந்தால்தான் உயிர் பிழைக்கும் என்று இங்கே பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 7 கிலோ மரக்கட்டையை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பீரங்கியிலிருந்து அடிப்பது மாதிரி சுவரில் அடித்துப் பார்க்கிறார்கள். அதைத் தாங்கி, மணிக்கு 250 மைல் காற்றுக்கும் நிற்கிற மாதிரி செய்த அறை என்றால் தரைக்கு மேலே இருந்தாலும் போதும். அம்மாவுக்கு அந்தக் கட்டைக் கதையில் ஆர்வமில்லை. விற்பனைக்காரரிடம் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? கஜா அன்றைக்கு வாசலில் தென்னை விழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் போனது அவர் கண்ணால் பார்த்தது. உள்பக்கம் திறக்கும் என்றார் அவர். சரி என்றார் அம்மா.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது கராஜ் தரை. இங்கே சில வீடுகளில் கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். வெட்டவோ துளைக்கவோ கூடாது என்று தரையிலேயே முத்திரை குத்தியிருக்கும். டிரில் அந்த வடத்தில் பட்டால் ஆளுக்கே ஆபத்து. அட்டைப்பெட்டிகளை எல்லாம் நகர்த்தி மண்டியிட்டுத் தேடினோம். முத்திரை இல்லை, கட்டியவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

மாநில அரசு செலவில் 75 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்குள், திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வருவதற்கு முன்பே மாட்டிவிட்டால் ஒரு டாலர்கூடக் கிடையாது. பதிந்துவிட்டு அடுத்த வருஷம் வரை காத்திருக்கலாம் என்று நான் இழுத்தேன். அம்மா இருக்கும்போது வேண்டுமா, போன பிறகு வேண்டுமா என்று மனைவி ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

மாட்ட அரை நாள்கூட ஆகவில்லை. உள்ளே பெஞ்ச், தண்ணீர், டார்ச், மகளின் சைக்கிள் ஹெல்மெட், எல்லோருக்கும் பழைய ஷூ. வெளியே வரும்போது தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் என்பதால் ஷூ கட்டாயம். நகராட்சியில் ஷெல்டர் இருக்கும் இடத்தைப் பதிந்தாயிற்று. வீடு குவியலாகிப் போனாலும் எங்கே தோண்டுவது என்று மீட்புப் படைக்குத் தெரியும். ஒரு கார் கராஜுக்கு வெளியே போய்விட்டது. டொர்னேடோவைவிட ஆலங்கட்டி மழை இங்கே பல மடங்கு அடிக்கடி வரும். கார் கூரையில் இப்போதே நாலைந்து பள்ளம்.

அறையில் ஆறு பேர் நிற்கலாம். நாங்கள் நாலு பேர். பக்கத்து வீட்டில் வயதான தம்பதி, அவர்களிடம் ஷெல்டர் இல்லை. கராஜ் கதவைத் திறக்கிற நம்பரை அவர்களிடம் கொடுத்துவிட்டு வா என்று சொன்னது அம்மாதான். கொடுத்தேன். அந்த அம்மாள் ரொம்ப நன்றி சொல்லிவிட்டு, தங்கள் லாப்ரடாரையும் கூட்டி வரலாமா என்று கேட்டார். அம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.