"எத்தினை படி, தம்பி?"

"மேல போக எத்தினை படி, தம்பி?"

ரீச்சர் இதைக் கேட்டது 2022 ஓகஸ்டில், கொழும்பு வெள்ளவத்தையில், இடிக்கப்போகும் அவருடைய பழைய வீட்டின் விறாந்தையில். மொட்டை மாடித் தோட்டத்தோடு நான் வரைந்த புது வீட்டுப் பிளான் கடற்காற்றில் பறக்காமல் இருக்க, ஒரு மூலையில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "34 ரீச்சர். ஒரு படி ஏழு அங்குலம்தான், ஏறச் சுகம்" என்றேன். "ம், சரி" என்றார். அப்புறம் குசினி யன்னலைப் பற்றிப் பேசப் போய்விட்டோம்.

பதிலில் பிழை இல்லை. தளத்துக்குத் தளம் பத்து அடி, அதற்கு 17 படி, இரண்டு மாடிக்கு 34. ஆனால் அவர் கேட்டது எண்ணிக்கையைத்தானா என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது அவருக்கு 69 வயது. விறாந்தையிலிருந்து எழும்பும்போதே கதிரைக் கையைப் பிடித்துத்தான் எழும்பினார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 34 என்றேன்.

அந்த மாதங்களில் எங்கும் வீட்டுத்தோட்டப் பேச்சுத்தான். முந்தின வருஷம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவே கொடுத்தார்கள். சந்தைக்குப் போனவர்கள் பாதிப் பையோடு திரும்பினார்கள். "சாப்பாடு விளையிற மாதிரி ஒரு சின்ன வீடு கட்டுங்கோ, அம்மாவுக்கும் பொழுது போகும்" என்று கனடாவிலிருந்து ரீச்சரின் மகன் வாட்ஸ்அப்பில் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ரீச்சர் கேட்டது அதைவிடச் சின்னது. "குசினிக்குப் பின்னால கொஞ்ச நிலம் விடுங்கோ. ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை. காணும்."

நிலம் ஆறு பேர்ச், கிட்டத்தட்ட 1,630 சதுர அடி. இரண்டு பக்கமும் நாலு மாடி பிளாட்கள். மூன்று நாள் போய் நின்று பார்த்தேன். பின்பக்கத்தில் வெயில் விழுவது பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும்தான். அந்த வெயிலில் முருங்கை காய்க்காது. வேர் மலக்குழிப் பக்கம் போகும் என்ற பயமும் இருந்தது. ஆகவே தோட்டத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். இன்றைக்குக் கேட்டாலும் வெயிலைப் பற்றி இதையேதான் சொல்வேன்.

அந்த மாடிக்கு நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு சதுர அடி இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு நனைந்த மண் போட்டால் கிட்டத்தட்ட 50 கிலோ. 150 சதுர அடிப் பாத்தி என்றால் ஏழரை தொன். அதைச் சாதாரணத் தளத்தில் ஏற்ற முடியாது. பாத்திகளைப் பீம்களுக்கு நேர் மேலே கொண்டுவந்தோம், மண்ணைக் குறைத்துத் தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்தோம். கடற்பக்கம் இடுப்பளவு சுவர் வைத்தோம், உப்புக் காற்றில் நாற்று கருகாமல் இருக்க. மழைத் தாங்கியின் வாயில் நுளம்பு போகாத வலை. மேசன் பாஸ் தளத்தை ஏழு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீழே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

வீடு முடிந்து முதல் நாலு மாதம் ரீச்சர் ஏறினார். பசளியும் பச்சை மிளகாயும் படம் எடுத்து அனுப்பினார். அப்புறம் படங்கள் நின்றன. மழையில்லாத தை, மாசியில் நான் போனபோது பாத்தி வெடித்துக் கிடந்தது. "முழங்கால் விடுகுதில்லை தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வெயில் கணக்கை எடுத்துச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குக் குசினிப் பின்கதவடியில் ஒன்றைக் கண்டேன். காஸ் சிலிண்டர் வைக்க நான் விட்ட இடத்தில், அடி ஓட்டையான பழைய அலுமினியச் சட்டி ஒன்று. அதில் விளிம்பு தாண்டி வல்லாரை வழிந்துகொண்டிருந்தது. பாத்திரம் அலசின தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். இரண்டடி தூரம்.

வல்லாரைக்கு நிழல் போதும், ஈரம்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஊர் வீட்டில் கிணற்றடி வாழைக்கு யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடிப் போய்ச் சேரும். அம்மா பல் விளக்கப் போகும்போதே பழுத்த இலையை அறுத்துவிடுவார். வேறு வேலையாகப் போகிற வழியில்தான் அந்த மரங்கள் எல்லாம் நின்றன. நான் கட்டிய தோட்டத்துக்கு அதற்கென்றே ஒருவர் ஏறிப் போக வேண்டும். பின்பக்கம் முருங்கைக்குச் சரிவராது என்று தெரிந்ததுமே அங்கே வேறு என்ன வரும் என்று நான் பார்க்கவில்லை. மேலே உள்ள வெயில் என்னை இழுத்துவிட்டது. அவர் படியை எண்ணியபோது நான் பாத்தியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்படி எழுதிவிட்டு, அதுவும் முழுசாகச் சரியில்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் போன வருஷம் ரீச்சர் மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்தார். ஒரு இளம் சோடி. அந்தப் பிள்ளைக்கு மொட்டை மாடிக்கு 17 படிதான். வேலைக்குப் போக முதல் ஏறித் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறாள். கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, பாத்தி நிறைய. கீழே கொண்டுவந்து கொடுக்கிறாள், கடையில் கத்தரிக்காய் வாங்கியே பல மாதமாம். அப்படியென்றால் வீடு வேலை செய்கிறதுதானே? யாருக்காகக் கட்டினேனோ அவரால் ஏற முடியவில்லை, ஆனால் அவர் தட்டுக்குக் கறி வருகிறது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிழை என்று சொல்லவும் மனம் இல்லை.

போன மாதம் போனபோது ரீச்சர் ஒரு பை நிறையக் கத்தரிக்காயைக் கையில் தந்தார். "நல்லா காய்க்குது தம்பி, உங்கட தோட்டம்" என்றார். குரலில் குறை இல்லை. "உங்கட ரீச்சர், உங்கட" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் வல்லாரைச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பிவிட்டார்.

இப்போது தெஹிவளையில் இதே மாதிரி ஒரு நிலம், இதே மாதிரி இரண்டு பக்கமும் பிளாட், வயதான ஒரு கணவன் மனைவி. வெயில் மேலேதான் இருக்கிறது. பின்கதவடியில் ஒரு தொட்டி வரைந்திருக்கிறேன், குசினித் தண்ணீர் நேரே அதில் விழுகிற மாதிரி. மொட்டை மாடிப் பாத்திகளையும் வரைந்திருக்கிறேன். எத்தனை படி என்று அவர்கள் இன்னும் கேட்கவில்லை.