பக்கத்து வீட்டுப் பையனைத் தேடி வந்த கோச்சுகள்

2025 பிப்ரவரி 22, சனி

டாலஸுக்கு வடக்கே இன்று காலை விரல் விறைக்கும் குளிர். பள்ளிகளுக்கிடையிலான டிராக் மீட்டில் ஃபினிஷ் லைன் கேமரா வழக்கம்போல என் பொறுப்பு. என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள், அதனால் தன்னார்வலராக ஒட்டிக்கொண்டது. ஆண்கள் 100 மீட்டரில் பக்கத்து வீட்டுப் பையன் 10.58. முதுகுக் காற்று நொடிக்கு 1.1 மீட்டர். 2.0 வரை அனுமதி உண்டு என்பதால் செல்லுபடியாகும் நேரம்தான். பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு இந்தக் குளிரில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அவன் மனசு டிராக்கில் இல்லை. ஃபுட்பாலில் வைட் ரிசீவர் அவன். நம் ஊர்க் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். குவார்ட்டர்பேக் வீசும் பந்தை, காவலுக்கு நிற்பவனைத் தாண்டி ஓடிப் பிடிப்பது ரிசீவரின் வேலை. கல்லூரியில் இலவசமாகப் படிக்க அவனுக்கு இருக்கும் வழியும் இதுதான். அம்மா இரவு ஷிஃப்ட் நர்ஸ், வீட்டில் பாட்டி, அவ்வளவுதான் குடும்பம்.

கோச்சுகள் பார்ப்பதற்காக அவன் வைத்திருக்கும் வீடியோ பக்கத்தில் "40 கெஜம்: 4.35" என்று போட்டிருக்கிறது. நாற்பது கெஜத்தை 4.35 நொடியில் ஓடுவானாம், ஃபுட்பாலில் வேகத்துக்கு இதுதான் அளவுகோல். யார் எடுத்த நேரம் என்று கேட்டேன். பள்ளியில் ஒரு உதவி கோச், ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்தாராம். கை நேரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஓட்டக்காரன் கிளம்பியதைக் கண் பார்த்து, அப்புறம்தான் கட்டைவிரல் அழுத்தும். முடிவுக் கோட்டிலோ, ஆள் வருவது தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். அதனால்தான் டிராக்கில் 100 மீட்டர் கை நேரத்தோடு 0.24 நொடி கூட்டி ஒப்பிடுகிறோம். ஃபுட்பாலில் அந்தக் கூட்டலைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. காகிதத்தை நம்பினால் டெக்சாஸில் 4.5 ஓடுகிற ரிசீவரே கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவனுக்கு இன்னொரு ஆஃபர். ஒரு கல்லூரிக் கோச் போனில் "உனக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்றார், அவன் உடனே எக்ஸ் தளத்தில் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பதிவு போட்டுவிட்டான். வாய்வார்த்தைதான். எழுத்தில் தருவதற்கு பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்ட் 1 வரை விதி இடம் கொடுக்காது. அதுவரை கல்லூரியும் பின்வாங்கலாம், பையனும் பின்வாங்கலாம். ஒரு கல்லூரி ஓர் ஆண்டில் நான்கைந்து ரிசீவர்களைத்தான் எடுக்கும். ஆஃபரோ அதைப்போல் பல மடங்கு பேருக்குப் போகிறது.

அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இன்றைக்கே சரி என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்களா?" இதை அந்தக் கோச்சிடமே கேட்கச் சொன்னேன். கேட்டாராம். சுற்றி வளைத்துப் பதில் வந்ததாம்.

மே 4, ஞாயிறு

டிராக் பருவம் முடிந்தது. பையன் ஆஸ்டினில் நடந்த மாநிலப் போட்டிக்குப் போகவில்லை, மண்டலத்தோடு நின்றுவிட்டான். இந்த மாநிலத்தில் 10.5 ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 2019-ல் இங்கே மேத்யூ போலிங் என்ற பள்ளி மாணவர் 9.98 ஓடியது நினைவிருக்கும். காற்று 4.2 என்பதால் சாதனைக் கணக்கில் சேரவில்லை, ஆனாலும் ஓடியது ஓடியதுதான்.

இரவு பாட்டி வாசலில் உட்கார்ந்து பாப் ஹேய்ஸ் கதையை எடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கிவிட்டு, அடுத்த வருஷமே டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியில் ரிசீவர். முதல் சீசனில் பந்தைப் பிடித்து 1,003 கெஜம், 12 டச்டவுன், அதாவது பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது 12 தடவை. ஒற்றை ஆள் அவரோடு ஓடி ஈடுகொடுக்க முடியாததால்தான், ஆளைக் காப்பதை விட்டு இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பு பரவியது என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நான் மறுபக்கம் ஜான் ராஸைச் சொன்னேன். 2017-ல் 40 கெஜத்தை 4.22-ல் ஓடி அன்றைய சாதனை படைத்தார். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. பாட்டிக்கு இது பிடிக்கவில்லை.

மே 14, புதன்

வசந்தகாலப் பயிற்சி. பள்ளி மைதான ஓரத்தில் விதவிதமான கல்லூரிச் சின்னம் போட்ட சட்டைகள், கையில் நோட்டு. இந்தப் பருவத்தில் கல்லூரிகளின் உதவி கோச்சுகள் வந்து பார்க்கலாம், பையனோடு உட்கார்ந்து பேசக் கூடாது. தலைமைக் கோச் பள்ளிப் பக்கமே வரக் கூடாது. உதவி கோச் பையனுக்கு எதிரே தற்செயலாகப் பட்டால் ஒரு வணக்கம் சொல்லலாமாம். எத்தனை தற்செயல்கள் நடக்கின்றன என்று பார்க்க வேடிக்கையாக இருந்தது.

ஜூன் 7, சனி

நேற்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி விளையாட்டு வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த வழக்கின் பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஜூலை 1 முதல் கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வருகிறது.

வாட்ஸ்அப்பில் நம் ஆட்கள் "பையன்கள் கோடீஸ்வரர்கள்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து உழைத்து மேலே வரும் வாக்-ஆன் பையன்களையும் சேர்த்து, பெரிய கல்லூரிகளில் 120 பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். இனி அந்த ஓரத்து நாற்காலிகள் கிடையாது. போதாக்குறைக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். வேறு கல்லூரியில் மூன்று வருஷம் ஆடித் தேறிய 21 வயது ஆள் கிடைக்கும்போது, 17 வயதுப் பையனை வளர்க்கும் பொறுமை எத்தனை கோச்சுகளுக்கு இருக்கும்? நடுத்தர மதிப்பீடு உள்ள பையன்களுக்குத்தான் இடி. வீரர்களை மதிப்பிடும் தளங்களில் நம் பையனுக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

ஜூன் 14, சனி

அம்மாவுக்கு ஷிஃப்ட் இருந்ததால் ஒருநாள் முகாமுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், நடுத்தர அளவிலான ஒரு கல்லூரி. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், கோச்சுகள் நேரடியாகச் சோதித்துப் பார்ப்பார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

40 கெஜத்துக்கு லேசர் வைத்திருந்தார்கள். 4.47. பையன் திரும்ப ஓடினான். 4.49. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "சார், லேசர் தப்பா?" என்றான். "லேசர் சரி, ஸ்டாப்வாட்ச்தான் உன் மேல் பாசம் வைத்துவிட்டது" என்றேன். சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அங்கே ரிசீவர் கோச் நாற்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாத ஆள். நேரம் எடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பையனை ஒரு காவல்காரனின் மூக்குக்கு நேரே நிறுத்தினார். பந்து கிளம்பியதும் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவான், அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே வர வேண்டும். முதலில் பையன் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டான். அடுத்து, 15 கெஜம் முழு வேகத்தில் ஓடி மூன்றே காலடியில் நின்று திரும்பிப் பந்து வாங்கும் ரூட். ரிசீவர் ஓட வேண்டிய பாதைக்குத்தான் ரூட் என்று பெயர். பையனுக்கு நிற்க ஆறு காலடி ஆனது. அந்தக் கூடுதல் மூன்று காலடிக்குள் காவல்காரன் வந்து பந்தைத் தட்டிவிட்டான். இடுப்பைத் தாழ்த்து, மூக்கு கால்விரலைத் தாண்டக் கூடாது, கடைசிக் காலடி பாதியாக இருக்கட்டும் என்று கோச் தரையில் தானே செய்து காட்டினார். திரும்பத் திரும்ப, வரிசை முடியும்வரை.

கிளம்பும்போது அவர் சொன்னது காதில் விழுந்தது: "உன் 10.58-ஐ நம்புகிறேன், அது கேமரா எடுத்தது. 4.35-ஐ நம்பவில்லை, பக்கத்திலிருந்து எடுத்துவிடு. வேகம் உனக்கு இருக்கிறது. நிற்கத் தெரியவில்லை. இங்கே வந்தால் முதல் வருஷம் நீ ஆடமாட்டாய்."

ஆள் சேர்க்க வந்தவர் பேசும் பேச்சா இது என்று பையன் வழியெல்லாம் பொருமினான்.

ஜூலை 3, வியாழன்

இதுவரை வந்ததிலேயே பெரிய கல்லூரி ஒன்றுக்குப் பையன் வாக்குக் கொடுத்துவிட்டான். ஜூன் கடைசியில் அழைத்துப் போய், ஹோட்டலில் தங்கவைத்து, ஜெர்சி போட்டுப் படமெடுத்து அனுப்பினார்கள். அங்கே 4.35-ஐ யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது நேரில் சந்திக்கக் கூடாத காலம், ஜூலை முழுக்க அமைதி. அந்த மூன்று மணி நேரக் கல்லூரியைத்தான் நான் தேர்ந்தெடுத்திருப்பேன். என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வெள்ளி இரவு ஆட்டம். பாதி ஊர் அங்கேதான். டெக்சாஸில் பள்ளி ஃபுட்பால் எந்த அளவுக்கு என்றால், பக்கத்து ஆலன் ஊர்ப் பள்ளி ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம். எதிரணி காவல்காரன் முதல் பந்திலிருந்தே பையனின் நெஞ்சில் கை வைத்தான். முன்பாதியில் ஒரு பிடிப்புகூட இல்லை. பின்பாதியில் அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்ததை இரண்டு தடவை பார்த்தேன். அதில் ஒன்று 61 கெஜ டச்டவுன். முகாமில் கற்றுக்கொண்டது அப்படியே.

அந்த ரிசீவர் கோச் இன்னும் அவனுக்கு வாரா வாரம் ரூட் வீடியோ அனுப்புகிறாராம். வேறிடத்துக்கு வாக்குக் கொடுத்த பையனுக்கு.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி முடிந்து ஒரு வாரம், பலகாரம் தீர்ந்தது, கோச்சுகளின் தலை உருளுவது மட்டும் தீரவில்லை. செப்டம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட்டில் மைக் கண்டி. இந்த மாதம் பென் ஸ்டேட்டில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின், ஃபுளோரிடாவில் பில்லி நேப்பியர், நேற்று எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட்டில் பிரையன் கெல்லி. வேலையை விட்டு அனுப்பக் கொடுக்கும் தொகை கோடிக்கணக்கான டாலர்.

ஒரு கோச் போனால் அவரை நம்பி வாக்குக் கொடுத்த பையன்கள் கலைகிறார்கள். நான்கு நட்சத்திர ரிசீவர்கள் திடீரென்று சந்தைக்கு வருகிறார்கள். நம் பையன் போகிற இடத்தில் கோச் பத்திரமாகத்தான் இருக்கிறார். அதனாலேயே எனக்குக் கவலை. அப்படிக் கலைந்தவர்கள் போய்ச் சேர்வது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

அதேதான் நடந்தது. டிசம்பரில் கையெழுத்து வேண்டாம், பிப்ரவரி வரை பொறுத்திரு, இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர், பிறகு பார்க்கலாம் என்று போன். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லையாம். போன வாரம் அவர்கள் வேறொரு ரிசீவரை வாங்கியிருந்தது எல்லாருக்கும் தெரியும். விதி மீறல் எதுவும் இல்லை. ஜூலையிலிருந்து பையன் வீட்டு வாசலில் அந்தக் கல்லூரிக் கொடி பறந்தது. பாட்டி இறக்கிவிட்டார்.

ராத்திரி என் மனைவி சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினாள். பையன் சாப்பிட்டானோ இல்லையோ, நான் ரிசீவர் சேவியர் வொர்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஃபிரெஸ்னோ பையன். கொரோனாவால் கல்லூரிகளை நேரில் பார்க்கவே முடியாத காலத்தில், 2020 டிசம்பரில் மிச்சிகனுக்குக் கையெழுத்துப் போட்டார். சில மாதங்களில் அங்கிருந்து விடுபட்டு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் சீசனிலேயே 62 பிடிப்பு, 981 கெஜம், 12 டச்டவுன். 2024 மார்ச்சில் இண்டியானாபொலிஸில், டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாமில் 40 கெஜத்தை 4.21-ல் ஓடி ஜான் ராஸின் சாதனையை முறித்தவர் இவர்தான். "அவர் 4.21, நான் 4.47" என்றான் பையன். பதில் சொல்ல முடியவில்லை, ஆனால் தன் நேரத்தைச் சரியாகச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்.

டிசம்பர் 1, திங்கள்

கையெழுத்து நாளுக்கு மூன்று நாள் இருக்கையில் நேற்று கோச் லேன் கிஃபின் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை விட்டு எல்எஸ்யூவுக்குப் போய்விட்டார். அணி பட்டத்துக்கான பிளேஆஃபுக்குப் போகும் நேரத்தில்! பையன்களுக்கு விசுவாசத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் இவர்கள்.

மூன்று மணி நேரக் கல்லூரியின் ரிசீவர் கோச் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். இடம் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

காலை 7 மணிக்குப் பள்ளி ஜிம்மில் மேசை போட்டு, தொப்பி வைத்து, கேக் வெட்டிக் கையெழுத்து. கல்லூரியில் சேர உறுதி தந்து கையெழுத்திடும் பழைய தேசியக் கடிதம் போன வருஷமே ஒழிந்துவிட்டது. இப்போது நிதி உதவி ஒப்பந்தம், கூடவே, ஜூலையிலிருந்து கல்லூரிகள் நேரடியாகத் தரும் பணத்துக்கான வருவாய்ப் பங்கு ஒப்பந்தம். பங்குத் தொகை சிறியது. பாதியில் வேறு கல்லூரிக்கு மாறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவை அம்மா ஞாயிறு இரவே உட்கார்ந்து பேனாவால் கோடு போட்டுப் படித்து, ஒரு வக்கீலிடமும் காட்டிவிட்டார். நர்ஸ் அல்லவா, சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

படிப்பு முழுவதும் இலவசம், டிராக் அணியிலும் ஓடலாம். ஜனவரியிலேயே வந்து சேரச் சொன்னார்கள், பையன் மறுத்துவிட்டான். ஆஸ்டின் மாநில டிராக் போட்டிக்கு இன்னொரு முயற்சி பாக்கி இருக்கிறதாம்.

ஜனவரி 2-ல் போர்ட்டல் திறந்ததும் அனுபவமுள்ள ரிசீவர் ஒருவரைத் தேடப்போகிறோம், அவர்தான் இவனுக்கு முன்னால் ஆடுவார் என்று அந்தக் கோச் கையெழுத்துக்கு முன்பே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "மற்றவர்களும் தேடத்தான் போகிறார்கள். இவர் ஒருவர்தான் சொன்னார்" என்றார் அம்மா, கேக்கை எனக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டே.