பிரஷர் 204, குளிசை இல்லை

"கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?"

வாட்டுக்குப் போகுமுன்னே மூன்று பேர் இதைக் கேட்டார்கள். மூவருக்கும் நான் "விடிய 5 மணிக்கு" என்றேன். பிழையான பதில். 5 மணிக்கு அப்பா எழும்பும்போதே இடது கை தொங்கிவிட்டது, வாயும் கோணியிருந்தது. பாரிசவாதம். அவரை நல்லபடி பார்த்தது முந்தின இரவு 10 மணிக்கு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எந்த நாள் வரும் என்று, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு போனில் கதைத்துவிட்டுப் படுத்தார். நாலாவதாகக் கேட்ட டொக்டர்தான் இதைக் கிளறி எடுத்தார். அவருடைய கணக்கு இரவு 10இல் தொடங்கியது.

அந்தக் கணக்கில் ஏன் அவ்வளவு கறார் என்று பிறகுதான் தெரிந்தது. மூளையில் அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு அதை 3 மணித்தியாலத்துக்குள் போட்டுப் பார்த்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை 4.5 மணித்தியாலத்துக்கு நீட்டியது. நேரம் கடந்தால் பலன் குறையும், மூளைக்குள் குருதி கசியும் ஆபத்து மட்டும் அப்படியே நிற்கும். நித்திரையில் வந்த பாரிசவாதத்துக்குத் தொடக்கம் யாருக்கும் தெரியாது என்பதால், கடைசியாக நல்லாயிருந்த நேரத்தையே தொடக்கமாக எடுக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

நாங்களும் ஒரு மணித்தியாலம் வீணாக்கினோம், அதையும் சொல்லவேண்டும். "கைய மடிச்சிப் படுத்ததால விறைச்சிட்டு" என்று அம்மா எண்ணெய் தடவினார். மாமி பரியாரியிடம் கொண்டுபோவோம் என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், அந்த நேரம் எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. அப்பா ஏதோ சொல்லப்போய்ச் சொல் குழறியபோதுதான் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வவுணதீவு கடந்து வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது விடிந்திருந்தது. கச்சான் காற்று அந்த நேரத்திலேயே சுட்டது.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். "ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். அம்மா அந்த இடத்திலேயே மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்துவிட்டார். அது அப்படிச் சந்தோசப்படுகிற செய்தி இல்லை. குருதி கசிந்திருந்தால் ஸ்கேனில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பென்றால் முதல் சில மணித்தியாலங்களில் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். 'ஒன்றும் இல்லை' என்றால் கசிவு இல்லை, ஆகவே அடைப்பு என்று அர்த்தம்.

அப்புறம் வந்ததுதான் எங்களைக் குழப்பிய விசயம். பிரஷர் 204/112. கட்டில் துண்டில், நோயாளியின் விபரம் எழுதும் தாளில், என் கண்ணாலேயே பார்த்தேன். குறைக்க ஒரு குளிசையும் கொடுக்கவில்லை. பின்னேரம் 198. அப்போதும் இல்லை. பிரஷராலதான் இது வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அந்தப் பிரஷரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே! பார்க்க வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். "காசு குடுத்து வேற இடத்துக்குக் கொண்டு போங்க புள்ள" என்றார் மாமா. மச்சான் ஒருவர் வீட்டிலிருந்த அப்பாவின் பழைய குளிசையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுத்திருந்தால் இரட்டைப் பிழை. விழுங்கிப் பார்க்கும் சோதனை முடியும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் வாயில் போடுவது சுவாசப்பைக்குள் போய்விடும். அப்பாவோ பிளேன்டீ, பிளேன்டீ என்று ஒரே புலம்பல்.

அன்றிரவு நான் டொக்டரை மறித்துக் கேட்டேன், கொஞ்சம் சூடாகத்தான். அவர் துண்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு கீறினார். இரு பக்கமும் சரிந்து, நடுவில் மட்டமாக ஓடும் கோடு. "தங்கச்சி, அப்பா என்ன தொழில்?" என்றார். வயல் என்றேன். "அப்ப உங்களுக்கு லேசா விளங்கும்."

உடம்பு நிறையில் மூளை சுமார் 2 வீதம்தான். இதயம் அனுப்பும் குருதியில் அது எடுப்பதோ 15 முதல் 20 வீதம். அந்த வரத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிரஷர் ஏறினால் மூளையின் சிறு நாடிகள் சுருங்கும், இறங்கினால் விரியும், ஓட்டம் ஒரே அளவில் நிற்கும். குளம் நிரம்பி நின்றாலும் வற்றினாலும் மதகை ஏற்றி இறக்கி வட்டைக்கு ஒரே அளவு தண்ணீர் விடும் வட்டவிதானை மாதிரி. 1959இல் லாசன் என்ற டென்மார்க் மருத்துவர் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். சராசரி அமுக்கம் (பிரஷரின் மேல், கீழ் இலக்கங்களுக்கு இடைப்பட்டது) ஏறக்குறைய 60இலிருந்து 150 வரை, ஓட்டத்தைக் காட்டும் அந்தக் கோடு மட்டமாக ஓடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

பல வருசம் பிரஷரோடு இருக்கிறவரின் நாடிச் சுவர் தடித்துப்போகும். உயர்ந்த அமுக்கத்துக்கே அது பழகிவிடும், முழுக்கோடும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். கடும் பிரஷர் நோயாளிகளில் இதை 1973இல் ஸ்ட்ரான்ட்கார்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அளந்து காட்டினார்கள். எனக்கு நல்லதான மேல் இலக்கம் 120 அப்பாவின் மூளைக்கு அன்று வறட்சியாக இருந்திருக்கும். அடைப்பு விழுந்த இடத்திலோ விதானையே இல்லை. சுருங்கி விரியும் சக்தி அங்கே போய்விடும், அமுக்கம் எவ்வளவோ ஓட்டமும் அவ்வளவுதான். செத்த பகுதியைச் சுற்றி, வாடியும் சாகாத பகுதி ஒன்று பக்க வாய்க்கால் தண்ணீரில் உயிர் பிடித்திருக்கும். அந்த நேரம் அமுக்கத்தை இழுத்து இறக்கினால் அந்தத் தண்ணீரும் நின்றுவிடும்.

ஆகவே ஊசி போடாதவருக்கு 220/120 தாண்டும்வரை பொதுவாக அவசரப்பட்டுக் குறைப்பதில்லை. ஊசி போடுவதென்றால் 185/110க்குக் கீழே கொண்டுவந்தபிறகுதான் போடலாம். மூளைக்குள் குருதி கசிந்தவருக்குக் கதை நேர் மாறு, அவருக்குக் கெதியாகக் குறைக்கப் பார்ப்பார்கள். வீட்டில் வாய் கோணியதைக் கண்டதும் பிரஷர் குளிசையோ அஸ்பிரினோ கொடுத்துவிடாதீர்கள். எந்த வகை என்று ஸ்கேன் எடுக்காமல் ஒருவருக்கும் தெரியாது.

மாமாவுக்கு நான் இதைத் திருப்பிச் சொன்னபோது, "விதானை" என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது ஸ்கேனில் ஒரு பயற்றங்கொட்டை அளவு கறுப்புப் புள்ளி தெரிந்தது. இவ்வளவுக்கா ஒரு கையும் காலும் என்று இருந்தது. மூளையின் நடு நாடியிலிருந்து, பெரிய வாய்க்காலில் நேரடியாக வெட்டிய கிளை மாதிரி, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள நாடிகள் பிரிகின்றன. இடையில் படிப்படியாக வேகம் தணிக்க ஒன்றும் இல்லை, பெரிய நாடியின் அமுக்கம் அப்படியே வந்து அடிக்கும். பிரஷர் முதலில் கெடுப்பது இவற்றைத்தான். அவை ஊட்டும் இடத்திலோ முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் போகும் நரம்பு நார்கள் ஒரே கட்டாக நெருங்கி ஓடுகின்றன. 1960களில் மில்லர் ஃபிஷர் என்ற கனடா நரம்பியலாளர், இறந்தவர்களின் மூளைகளை வெட்டி இந்தச் சின்னக் குழிகளையும் அடைபட்ட நாடிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்.

சில நாள் கழித்துக் குளிசை தொடங்கினார்கள், குறைந்த அளவிலிருந்து. இப்போது அம்மாவுக்கு மறுபக்கக் குழப்பம்: "அண்டைக்கு வேணாம் எண்டவங்க இண்டைக்கு ஏன் குடுக்காங்க?" முதல் நாட்கள் வேறு, பிறகு வரும் வருசங்கள் வேறு. 2001இல் வெளியான புரோகிரஸ் ஆய்வு, ஏற்கனவே பாரிசவாதமோ அதன் எச்சரிக்கை அறிகுறியோ வந்த 6105 பேரை எடுத்து, பாதிப் பேருக்குப் பிரஷர் மருந்து கொடுத்துச் சுமார் 4 வருசம் பார்த்தது. மருந்து எடுத்தவர்களில் திரும்பப் பாரிசவாதம் வருவது 28 வீதம் குறைந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் சொல்லத் தேவைப்படவில்லை. "விதைப்புக்குப் பிறகு குளிசை போடல்ல புள்ள" என்று அவராகவே ஒத்துக்கொண்டார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் போய்விடும், தலையிடியும் இல்லை, மயக்கமும் இல்லை, ஏன் போடவேண்டும் என்று விட்டிருக்கிறார்.

பிசியோதெரபி பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவ்வி, பேணி, போத்தல் மூடி, திரும்பத் திரும்ப. சலிப்பான வேலை. மூன்றாம் மாதம் மண்வெட்டிப் பிடியைச் சுற்றி விரல்கள் மூடின. சட்டைப் பொத்தான் இன்னும் ஏலாது.

பிரஷர் மெசின் வாங்கினோம். காலை மாலை, 5 நிமிடம் சும்மா இருந்து, முதுகு சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, கதைக்காமல். கதைக்காமல் என்பதுதான் அவருக்குக் கஷ்டம். வீட்டில் 135/85க்குக் கீழே நிற்கப் பார்க்கிறோம். இலக்கங்களை அவரே உரக்கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறார். யூரியா எத்தனை மூடை, பிரஷர் எத்தனை, இரண்டும் ஒரே கையெழுத்தில்.

இன்று காலை 146/88. நேற்றிரவு கருவாடு சாப்பிட்டதை அவர் எழுதவில்லை. நான் பக்கத்தில் எழுதிவைத்தேன்.