டி.ஓ. படித்தவர் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் ஆண்டு: எங்கெங்கே மாட்டிக்கொள்வோம்

மார்ச் 2025 மேட்சில் (விண்ணப்பதாரர், மருத்துவமனை இருவரின் விருப்பப் பட்டியலையும் வைத்து இடம் ஒதுக்கும் முறை) இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு, இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதற்கு முந்தைய பத்து மாதம் தாள்களுக்காக அலைந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம்) படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். காம்லெக்ஸ் (டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வு), எராஸ் (ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணைய முறை), மேட்ச் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மட்டும் இரண்டு வரி. அமெரிக்க எம்.டி. நம் ஊர் எம்.டி. போல மேற்படிப்பு அல்ல, அடிப்படை மருத்துவப் பட்டம். டி.ஓ.வும் அதே படிதான். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், 50 மாநிலங்களிலும் முழு உரிமம் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஆஸ்டியோபாத்’ என்று சொல்லப்படுபவர் கையால் சிகிச்சை தருபவர், மருத்துவர் அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்.

2020 ஜூனோடு டி.ஓ., எம்.டி. ரெசிடென்சிகள் எல்லாம் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற ஒரே அமைப்பின் அங்கீகாரத்துக்குள் வந்துவிட்டன. டி.ஓ.க்களுக்கென்று இருந்த தனி மேட்ச் 2019-லேயே முடிந்தது. 2024 மேட்சில் இறுதியாண்டு டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும், எம்.டி. மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. இடம் கிடைக்குமா என்பது இப்போது பெரிய கவலை இல்லை. எந்தத் துறையில், எந்த மருத்துவமனையில் என்பதில்தான் இடைவெளி இருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது என்பது. எம்.டி. மாணவருக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும் பரிந்துரைக் கடிதமும் ரொட்டேஷனும் (ஒரு துறையில் சில வாரம் செய்யும் மருத்துவமனைப் பயிற்சி) நமக்கு வெளியில் போய்த் தேடினால்தான் கிடைக்கும்.

முதலில் பரீட்சை. காம்லெக்ஸ் கட்டாயம், உரிமத்துக்கு அது மட்டுமே போதும். ஆனால் யு.எஸ்.எம்.எல்.இ. (எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வு) மதிப்பெண் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத ப்ரோக்ராம்கள் (மருத்துவமனைகளின் ரெசிடென்சித் திட்டங்கள்) இன்றும் இருக்கின்றன. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அநியாயம் நீங்கும்வரை காத்திருந்தால் நம் ஆண்டு போய்விடும். ஃபேமிலி மெடிசினுக்குக் காம்லெக்ஸ் மட்டும் போதும் என்றே சொல்வேன். பல்கலைக்கழக இன்டர்னல் மெடிசின், சர்ஜரி, அனஸ்தீசியா, ரேடியாலஜி என்றால் யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 2 எழுதிவிடுங்கள். காம்லெக்ஸின் லெவல் 1, யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1 இரண்டும் 2022-ல் பாஸ், ஃபெயில் மட்டும் என்று ஆகிவிட்டதால், ப்ரோக்ராம் கண்ணில் படும் ஒரே எண் இரண்டாம் பரீட்சையுடையதுதான். ஸ்டெப் 1 எழுதாமல் நேரே ஸ்டெப் 2 எழுதவும் விதியில் இடமுண்டு. சில இடங்கள் இரண்டையும் கேட்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் ஸ்டெப் 2 முதலில், அதன்பின் ஒரு வார இடைவெளியில் லெவல் 2. அந்த ஒரு வாரம் முழுக்க, காம்லெக்ஸில் மட்டும் வரும் ஓ.எம்.எம். (கையால் செய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சை) படியுங்கள்: சேக்ரம் (முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பு) திருகல்கள், எந்த உறுப்புக்கு முதுகெலும்பின் எந்த மட்டம், சாப்மன் புள்ளிகள் (உள்ளுறுப்புக் கோளாறைக் காட்டுவதாக ஓ.எம்.எம். சொல்லும் உடல் புள்ளிகள்). குடல்வாலுக்கு வலது 12-ஆம் விலா எலும்பின் நுனி என்பது போன்றவை இரண்டே வாரத்தில் மறந்துபோகும். கேள்வியோ நேரடியாக அதையே கேட்கும்.

பலரும் சறுக்குவது தேதியில். பரீட்சை எழுதும் நாளைப் பார்க்கிறோம், முடிவு வரும் நாளைப் பார்ப்பதில்லை. லெவல் 2 முடிவுகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தேதிகளில் தொகுதி தொகுதியாகத்தான் வரும். செப்டம்பர் கடைசியில் ப்ரோக்ராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும்போது மதிப்பெண் உள்ளே இருக்க வேண்டும். அந்த அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பரீட்சை நாளை எடுங்கள். ஆகஸ்டில் எழுதுவது ஆபத்து. ஜூன், ஜூலை நல்லது.

மதிப்பெண் வந்தால் மட்டும் போதாது. எராஸில் காம்லெக்ஸ் டிரான்ஸ்கிரிப்டும் யு.எஸ்.எம்.எல்.இ. டிரான்ஸ்கிரிப்டும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். அதோடு ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் அதை ஒதுக்கினோமா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த அனுமதி இரண்டுக்கும் சேரும் என்று நினைத்ததில் என் ஸ்டெப் 2 மதிப்பெண் இரண்டு வாரம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பச்சைக் குறி விழுந்ததா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். புதிய மதிப்பெண் வந்த பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து வெளி ரொட்டேஷன். என் கசப்பில் பெரும்பங்கு இங்கேதான். மருத்துவமனை நம்மை ஏற்றுக்கொண்டாலும், அதற்கும் நம் கல்லூரிக்கும் அஃபிலியேஷன் ஒப்பந்தம் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் பார்த்துக் கையெழுத்திட மாதக்கணக்கில் ஆகும். ‘அனுப்பியாகிவிட்டது’ என்று அலுவலகத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாருக்கு, எந்தத் தேதியில் என்று நான் கேட்கவில்லை. ரொட்டேஷன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, அது மேசையைவிட்டே நகரவில்லை என்று தெரிந்தது. தங்குவதற்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே, ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். புதிய இடம் என்றால் ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும்; தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

தடுப்பூசித் தாள்கள் இன்னொரு கண்ணி. தமிழ்நாட்டில் பிறந்து பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள் காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்ய வேண்டாம். பி.சி.ஜி.யாலேயே அது பாசிட்டிவ் காட்டலாம்; பிறகு எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று இழுக்கும். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. சிறுவயது ஊசி அட்டை தொலைந்திருந்தால் தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு டைட்டர் (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். ஹெபடைடிஸ் பி டைட்டர்தான் நேரம் தின்னும். நெகட்டிவ் என்று வந்து மூன்று ஊசித் தொடரை மறுபடி முழுதாகப் போட நேர்ந்தால் ஆறு மாதம். நான்கு வார இடைவெளியில் இரண்டே ஊசி போடும் ஹெப்லிசாவ் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே இந்த டைட்டரை எடுத்துவிடுங்கள். போதைப்பொருள் சோதனை, பின்னணி விசாரணை, என்95 பொருத்தச் சோதனை எல்லாம் எளிது. காலாவதித் தேதியை மட்டும் கவனியுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள். ஒரு ப்ரோக்ராமுக்கு அதிகபட்சம் நான்கு. இன்டர்னல் மெடிசினில் சில இடங்கள் துறைத்தலைவர் கடிதம் கேட்கும். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரியில் அந்தத் தலைவர் யார்? நீங்கள் ரொட்டேஷன் செய்த மருத்துவமனையின் மெடிசின் தலைவரிடமோ, கல்லூரியின் கிளினிக்கல் டீனிடமோ கேட்கலாம். எது செல்லும் என்று ப்ரோக்ராம் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். தனி கிளினிக் நடத்தும் டாக்டர் அன்போடு எழுதித்தரும் கடிதத்தைவிட, ரெசிடென்ட்களோடு உங்களை வார்டில் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். மூன்றாம் ஆண்டிலேயே ரெசிடென்ட்கள் உள்ள மருத்துவமனையில் ஒரு மாதமாவது கேட்டு வாங்குங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்க எனக்கு மிகவும் உதவியது ப்ரோக்ராம்களின் இணையதளத்தில் உள்ள ரெசிடென்ட்கள் பட்டியல். மூன்று ஆண்டுப் பட்டியலில் ஒரு டி.ஓ. கூட இல்லையென்றால், ‘எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்ற வரியை நம்பி சிக்னலை (இந்த இடத்தில் எனக்குத் தனி ஆர்வம் என்று விண்ணப்பத்தோடு காட்டும் குறி) வீணாக்காதீர்கள். எங்கள் ஆண்டில் இன்டர்னல் மெடிசினுக்கு 3 கோல்ட், 12 சில்வர் சிக்னல். வெளி ரொட்டேஷன் செய்த இடத்துக்கும் சிக்னல் கொடுக்க வேண்டும்; அவர்களுக்கே நம்மைத் தெரியுமே என்று விட்டுவிட்டால், ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னால் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ என்று போக நினைப்பவர்கள், அந்த ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சி) அதே மருத்துவமனையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலும்பு அறுவைக்குப் போகிறவர்கள் முன்பு டி.ஓ. அமைப்பின்கீழ் இருந்த ப்ரோக்ராம்களை முதலில் தேடுங்கள்; கதவு அங்கேதான் அகலம்.

எராஸில் விண்ணப்பித்தாலே மேட்சில் பெயர் சேர்ந்துவிடாது. மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யில் தனியாகப் பதிய வேண்டும். ஜனவரி கடந்தால் தாமதக் கட்டணம். அனஸ்தீசியா, நியூராலஜி போல இரண்டாம் ஆண்டில் தொடங்கும் இடங்களை வரிசைப்படுத்துபவர்கள், முதல் ஆண்டுக்கான துணைப் பட்டியலையும் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் கையில் ஒரு வருட ஓட்டையோடு நிற்க நேரும்.

நேர்காணல்கள் திரையிலேயே சுமுகமாக முடிந்தன. மேட்சுக்குத் தரும் ப்ரோக்ராம் பட்டியலை உங்கள் விருப்ப வரிசையிலேயே போடுங்கள். அவர்கள் எடுப்பார்களா என்று ஊகித்து மாற்றினால் நட்டம் உங்களுக்குத்தான்.

மேட்ச் வாரத் திங்கட்கிழமை ‘இடம் இல்லை’ என்று வந்தால் சோப் (நிரம்பாத இடங்களுக்கான துணைச்) சுற்று. 45 விண்ணப்பம் வரை அனுப்பலாம். நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ ப்ரோக்ராமை முந்திக்கொண்டு அழைப்பது விதிமீறல். அக்கறையில் அப்பாவோ மாமாவோ அழைத்துவிடாமல் முன்பே சொல்லிவையுங்கள். சோப்புக்கான சுயகுறிப்பை ஃபேமிலி மெடிசினுக்கு ஒன்று, ப்ரிலிமினரி ஆண்டுக்கு (முதல் ஓராண்டுப் பயிற்சி மட்டும்) ஒன்று என்று பிப்ரவரியிலேயே எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய இரவு அதனால்தான் தூங்க முடிந்தது.

இப்போது பயிற்சி உரிமத்துக்கான தாள்கள். கலிபோர்னியா, மிச்சிகன், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி உரிம வாரியம் உண்டு. வேலையில் சேரச்சொல்லி மருத்துவமனை அனுப்பும் பொதுவான சுற்றறிக்கையில் எம்.டி. வாரியத்தின் படிவம் ஒட்டியிருக்கலாம். பணம் கட்டும் முன் வாரியத்தின் பெயரை வாசித்துப் பாருங்கள்.