சேத்தி மாறிப்போன பயிர்க் காப்பீடு

சம்பாவுக்குக் காப்பீடு கட்டியிருப்பவர்கள் ரசீதை இப்போதே எடுத்து, வருவாய் கிராமம் என்று இருக்கும் வரியைப் படித்துவிடுங்கள். பெயர், ஆதார், ஏக்கர் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு வரி தப்பினால் பணம் வராது. எனக்கு வரவில்லை. எங்கள் பகுதி விவசாயிகள் சங்கம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் வந்திருக்காது.

டெல்டாவில் எங்கள் ஊர் கடைமடை. வருவாய்க் கணக்கில் ஊரைப் பிரித்து முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று இரண்டு கிராமம். என் நிலம் இரண்டாம் சேத்தி. நில உரிமைக்கான சிட்டா, பயிர் விவரத்துக்கான அடங்கல், எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். அடங்கல் வாங்கி, பிரீமியம் கட்டியதுவரை ஒரு சிக்கலும் இல்லை. சேவை மையத்தில் பதிவு செய்த பையன் முதல் சேத்தியை அமுக்கிவிட்டான். நவம்பர் 15 கெடு நெருங்கும்போது அங்கே நிற்கிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். ரசீதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் இன்னும் பலருக்கு இதே கதி.

அறுப்புக்கு நின்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைத்தது. மாதங்கள் கழித்து இழப்பீடு வந்தபோது பக்கத்து வயல்காரருக்குக் குறுஞ்செய்தி வந்தது, எனக்கு வரவில்லை.

நெல்லுக்கு மகசூல் குறைந்ததற்கான இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்து வருவதில்லை, வருவாய் கிராமம்தான் கணக்கு. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள், இதுதான் அறுவடைப் பரிசோதனை. அந்த மகசூல், முன்பே நிர்ணயித்த உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் கிராமம் முழுக்கப் பணம். முதல் சேத்தி மேட்டுப்பாங்கு, தப்பித்துவிட்டது. இரண்டாம் சேத்திக்கு இழப்பீடு உண்டு. அழிந்தது இரண்டாம் சேத்தி வயல், காப்பீடு இருந்தது முதல் சேத்திக்கு.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். வங்கியில் வேளாண்மை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தைக் கை காட்டினார். நிறுவனத்தின் ஆள், "பதிவுல இருக்குற கிராமத்துக்கு இழப்பீடு இல்லீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். குறைதீர் கூட்டத்தில் தனியாக ஒரு மனு கொடுத்தேன். அது நான் யாரைப் பற்றிப் புகார் சொன்னேனோ அதே அலுவலகத்துக்குப் போய், "விவரம் தெரிவிக்கப்பட்டது, மனு முடித்து வைக்கப்பட்டது" என்று திரும்பி வந்தது. ஒருவரும் வயலைப் பார்க்கவில்லை, அடங்கலைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, சங்கத்துக்குப் போவோம் என்று போனேன். சங்கம் என்றாலே சாலை மறியல்தான் என்று நினைப்பவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுவர் அலமாரி நிறைய மனு நகல்கள், ஒவ்வொன்றிலும் ஒப்புகை முத்திரை. செயலாளர் என் ரசீதையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினார். "தம்பி, இது ஒன் ஒருத்தன் மனுவா போனா நிக்காது. இதே மாதிரி விட்டுப்போனவங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு. அதோடு ஒரு அட்டவணை: பெயர், சர்வே எண், உட்பிரிவு, காப்பீட்டு விண்ணப்ப எண், பதிவில் உள்ள கிராமம், அடங்கலில் உள்ள கிராமம். கடைசி இரண்டு கட்டங்களை ஒருமுறை பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். இன்னொரு பக்கம், இரண்டு சேத்திக்குமான அறுவடைப் பரிசோதனை மகசூல் விவரம் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சங்கமே விண்ணப்பித்தது. பதில் வந்தபோது நாங்கள் சொன்னதெல்லாம் அரசாங்கத்தின் கணக்கிலேயே இருந்தது.

காப்பீட்டுத் திட்ட விதிகளில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர்க் குழு ஒன்று இருக்கிறது. வங்கியோ சேவை மையமோ செய்த பதிவுப் பிழைக்கு அவர்களே பொறுப்பு என்றும் விதி சொல்கிறது. இந்த இரண்டையும் எந்தக் கவுன்டரிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. செயலாளர் அந்த விதியை நகலெடுத்து மனுவோடு இணைத்திருந்தார். அடுத்த குறைதீர் கூட்டத்தில் அவர் எழுந்து, மனுவை அந்தக் குழுவுக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அதிகாரி ஒருவர் "கெடு முடிஞ்சு போச்சே" என்று ஆரம்பிக்க, "கெடு விவசாயிக்குத்தாங்க. அவரு கெடுவுக்குள்ள பணம் கட்டியிருக்காரு, ரசீது இருக்கு" என்றார். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

காவிரித் தண்ணீருக்காக 1983-இல் உச்ச நீதிமன்றம் போனதும் இங்கிருந்த ஒரு விவசாயிகள் சங்கம்தான். மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்று நடத்திய வழக்கு அது. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்ததில் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. காகிதத்தை விடாமல் பிடித்துப் போராடுகிற பழக்கம் இந்த மண்ணில் அப்போதிருந்தே இருக்கிறது.

குழு ரசீதையும் அடங்கலையும் ஒப்பிட்டுப் பார்த்தது, பதிவு திருத்தப்பட்டது, பணம் கணக்கில் ஏறியது. குறுஞ்செய்தியை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகையை மறுநாளே போய் மீட்டோம்.

இனி கட்டப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பதிவு செய்பவர் 'சமர்ப்பி' அழுத்துவதற்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சேத்தி, மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று பிரிந்த ஊர்க்காரர்கள் இரண்டு தடவை பாருங்கள். கெடுவின் கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள், முன்னாலேயே கட்டினால் பிழையைத் திருத்த நாள் கிடைக்கும். எந்த மனுவையும் ஒப்புகை வாங்காமல் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாய்வார்த்தையாக "பார்க்கிறோம்" என்று சொன்னவர் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

எங்கள் அட்டவணையில் இருந்த குத்தகைக்காரர்களில் சிலருக்கு மட்டும் இன்னும் வரவில்லை. கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுகிறவர்கள், அடங்கலில் அவர்கள் பெயர் ஏறவில்லை. குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்தாயிற்று. அந்தச் சட்டத்தின்படி அவர்கள் பெயரைப் பதியச் சொல்லி சங்கம் இப்போது தனியாக மனு தயாரிக்கிறது. குத்தகை நெல் அளந்த ரசீதுகளை வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.