மின்கலம் என்று எழுதியபோது

2017 முதல் ஒரு வார இதழுக்கு விருந்தினர் கட்டுரை எழுதி வருகிறேன். சூரிய மின்சாரம், பற்றரி, சோலர் பம்ப், யானை வேலி, காற்றாலை, இவைதான் விஷயம். எழுத்து என் தொழில் இல்லை. இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் இருந்துகொண்டு வன்னி முழுக்கக் கூரைப் பனல்களைப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. பகலில் கையில் ஸ்பானர், இரவில் பேனை. மாதம் ஒரு கட்டுரை, 600 சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

தொடங்கிய கதை சின்னது. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தை ஆரம்பித்தது. வீட்டுக் கூரையில் மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்கலாம். முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபா, பிறகு 20 வருடம் முடியும் வரை 15 ரூபா 50 சதம் என்றார்கள். ஏ9 வீதி நெடுக விளம்பரப் பலகைகள் முளைத்தன. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். “தம்பி, உண்மையாவே கரண்ட் பில் வராதோ? மழைக்காலத்தில என்ன செய்யிறது? நாங்கள் விக்கிற கரண்டை ஆர் அளக்கிறது?” ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாலு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். பத்திரிகையில் வேலை செய்யும் நண்பர் ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “இதை அப்பிடியே எழுதித் தாவன்” என்றார். அன்று தொடங்கியது.

வெளிச்சம் எங்களுக்குச் சாதாரணப் பொருளாக இருந்ததில்லை. நான் படித்த காலத்தில் வன்னிக்குள் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டுத் திரியைக் கொளுத்திப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பாடும். சுற்றுகிற கை களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். அப்படி வளர்ந்த சனத்துக்குக் கூரையில் வெயில் படப்பட வீட்டுக்குள் மின்விசிறி சுற்றுகிறது என்பது எவ்வளவு பெரிய காரியம்! என் முதல் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தச் சந்தோசம் இருந்தது. ஒரு குறையும் அதோடு சேர்ந்தே இருந்தது.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த வாரம் முழங்காவில் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ரெலிபோன் எடுத்தார். குரலில் கோபம் இல்லை. “தம்பி, உம்மடை கட்டுரையை வாசிச்சுத்தான் நான் சோலர் போட்டனான். இப்ப கரண்ட் இல்லை. பனல் கிடக்கு, வெயிலும் கிடக்கு, வீட்டில லைற் எரியேல்லை. ஒருக்கா வந்து பாக்கிறீரோ?”

பெற்றோல் வரிசையில் நின்று வாங்கிய இரண்டு லீற்றரில் மோட்டார் சைக்கிளில் போனேன். முற்பகல் பதினொரு மணி. முற்றத்து மணல் காலைச் சுட்டது. ஓட்டுக் கூரையில் எட்டுப் பனல், தெற்குப் பார்த்து, சரியான சரிவில், ஒரு மர நிழல்கூட விழாமல் இருந்தது. வேறொருவர் பூட்டியது என்றாலும் ஒரு பிழை சொல்ல முடியாத வேலை. சுவரில், பனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டரின் சிவப்பு லைற் விட்டுவிட்டு மின்னியது. கூரையில் அந்த நேரம் இரண்டு கிலோவாற்றுக்கு மேல் மின்சாரம் எடுக்கலாம். குசினிக்குள் குளிர்சாதனப் பெட்டி கதவு திறந்தபடி காலியாக இருந்தது. மூலையில் ஈர மணலுக்கு மேல் ஒரு மண்பானை, பானைக்குள் இன்னொரு சின்னச் சட்டி, அதற்குள் துணியில் சுற்றி அவருடைய கணவரின் இன்சுலின் குப்பிகள்.

பழுது ஒன்றும் இல்லை. பற்றரி இல்லாத கூரைத் தொகுதி அப்படித்தான் வேலை செய்யும். வீதியில் கரண்ட் நின்றதும் இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால் கூரையிலிருந்து புறப்படும் மின்சாரம் வீதிக் கம்பிக்குள் ஏறும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற தொழிலாளியின் உயிர் போய்விடும். இதைச் சொன்னேன். ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், பழைய பத்திரிகை வெட்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் கட்டுரை. ஒரு வரியின் கீழ் நீல மையில் கோடு.

‘கூரையில் பொருத்தப்படும் சூரிய மின்கலங்கள் பகலில் மின்சாரத்தைத் தருகின்றன.’

“மின்கலம் எண்டால் பற்றரிதானே, தம்பி? ரோர்ச் லைற்றுக்குப் போடுறதை நாங்கள் பள்ளிக்கூடத்தில மின்கலம் எண்டுதானே படிப்பிச்சனாங்கள். மின்கலம் இருக்குது எண்டு நீர் எழுதியிருக்கிறீர். அப்ப சேமிச்சு வைக்கும் எண்டுதானே நினைப்பன்.”

எனக்குப் பேச வாய் வரவில்லை. பாடப்புத்தகத்தில் அது சரியான சொல்தான். வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடும் கலம்தான், ரோர்ச்சுக்குள் போடுவதும் கலம்தான். ஆனால் அந்தச் சொல்லை வாசிக்கிறவர் மனதில் என்ன வரும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கரண்ட் நின்றால் தொகுதியும் நிற்கும் என்ற விஷயமும் அந்தக் கட்டுரையில் இல்லை. தெரியாமல் விட்டதல்ல. முதல் பிரதியில் இருந்தது. 600 சொல்லுக்கு மேலே போனதால் நானே வெட்டினேன். அதற்குப் பதிலாக விட்டு வைத்தது வெயிலின் பெருமையைப் பற்றிய ஒரு பந்தியை.

அவர் ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தில் பெரும் பகுதி அந்தக் கூரையில் இருந்தது. மாதாமாதம் பில் இல்லாததும் உண்மை, மின்சார சபையிலிருந்து பணம் வந்ததும் உண்மை. அதை அவரே சொன்னார். ஆனாலும் அந்த மண்பானையை நான் பார்த்துவிட்டேனே.

அதற்குப் பிறகு என் எழுத்து மாறியது. முதலில் மாறியது சொற்கள். ‘சூரிய மின்கலம்’ போய்ப் ‘பனல்’ வந்தது. ‘சேமிப்புக்கலம்’ போய்ப் ‘பற்றரி’ வந்தது. தமிழைக் கெடுக்கிறேன் என்று இரண்டு பேர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது, தமிழ்ச் சொல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒருவர் காசு போட்டு வாங்குகிற பொருளை, கடையில் கேட்கிற பெயரிலேயே எழுதினால்தான் அவர் ஏமாறாமல் இருப்பார்.

அடுத்தது, விளங்கப்படுத்துகிற விதம். கிலோவாற், கிலோவாற் மணி இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகுதான் தோன்றியது, குளத்தின் கீழ் வயல் செய்கிற சனத்துக்கு இதை நான் ஏன் புத்தகப் பாஷையில் சொல்ல வேண்டும்? துருசு திறந்தால் இந்தக் கணத்தில் எவ்வளவு தண்ணீர் பாய்கிறதோ அது கிலோவாற். காலையிலிருந்து பின்னேரம் வரை வயலுக்குள் வந்து சேர்ந்த மொத்தத் தண்ணீர் கிலோவாற் மணி, அதாவது பில்லில் வருகிற அலகு. பற்றரி என்பது குளம். பற்றரி இல்லாத சோலர், குளம் இல்லாத வாய்க்கால். ஓடும்போது அள்ளினால் உண்டு. இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அந்தக் கட்டுரை வந்த கிழமை பரந்தன் சந்தையில் ஒரு மரக்கறி வியாபாரி என்னை மறித்து, “அப்ப என்ரை வீட்டுக்குக் குளம் எவ்வளவு பெரிசா வேணும்?” என்று கேட்டார். இன்வேர்ட்டர் விற்கிற நிறுவனத்தின் புத்தகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இலக்கங்களிலும் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு கிலோவாற் பனல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குச் சராசரி நாலு அலகு தரும் என்று எழுதுவேன். ஐந்து என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வெயில் நாளில் ஐந்து வரும்தான், ஆனால் கார்த்திகை, மார்கழி மழையையும் அதே பனல்தான் தாங்க வேண்டும். வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்ற நம்பிக்கையும் அரைவாசிதான் சரி. பனலின் பெட்டியில் போட்டிருக்கும் வாற் கணக்கு 25 பாகை செல்சியஸில் அளந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் கூரையில் பனல் 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.35 சதவீதம் குறையும் என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு அங்கேயே போய்விடும். வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. ஆகவேதான் பனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று ஓட இடம் விடச் சொல்லி நச்சரிக்கிறேன். அப்புறம் தூசி. கிறவல் ரோட்டோரம் வீடு என்றால் செம்மண் படை ஒரு மாதத்தில் ஏறிவிடும். விடிய வெள்ளன, பனல் குளிராக இருக்கும்போது, வெறும் தண்ணீரும் பழந்துணியும் போதும். நண்பகலில் சுட்ட கண்ணாடியில் குளிர்த் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எல்லாவற்றிலும் அதிகம் பேர் தேடி வந்து பேசியது யானை வேலிக் கட்டுரைக்குத்தான். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் காவல் கொட்டிலில் கிடப்பவர்களுக்குச் சோலர் என்றால் முதலில் அந்த வேலிதான். ஒரு சின்னப் பனல், ஒரு பற்றரி, கம்பிக்குள் துடிப்பை அனுப்புகிற ஒரு பெட்டி. பல ஆயிரம் வோல்ற், ஆனால் நொடிக்கு ஒரு தடவை மாதிரி, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக. யானைக்கு நோகும், சாகாது. மனிதனும் தூக்கி எறியப்பட்டுப் பயந்து எழும்புவான், அவ்வளவுதான். வீட்டுக் கரண்டை நேராக வேலிக்கு இழுப்பது வேறு விஷயம். அதில் யானையும் செத்திருக்கிறது, வேலி கட்டினவனின் சொந்தப் பிள்ளைகளும் செத்திருக்கிறார்கள். யானை வேலி பற்றி எந்தக் கட்டுரை எழுதினாலும் இந்த எச்சரிக்கையை நான் வெட்டவே மாட்டேன்.

அந்தக் கட்டுரைக்காக ஒரு விவசாயியுடன் வேலி நெடுக நடந்தேன். கையில் கத்தி வைத்திருந்தார். கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு புல்லாக அறுத்துக்கொண்டே வந்தார். காதைக் கிட்டக் கொண்டுபோனால் ஈரப் புல் தொடுகிற இடத்தில் ‘டிக், டிக்’ என்று கேட்டது. துடிப்பு அங்கே மண்ணுக்குள் இறங்குகிறது. நூறு இடத்தில் அப்படி இறங்கினால் யானைக்கு மிச்சம் இருக்காது. ஓரிடத்தில் கட்டை சரிந்து, பட்ட மரமொன்று கம்பி மேல் கிடந்தது. “ஆள் மரத்தைத் தள்ளி விழுத்திப்போட்டு மேலால வந்திருக்கிறார்,” என்றார். யானையை ‘ஆள்’ என்றும் ‘அவர்’ என்றும்தான் சொல்வார்கள். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன் யானை கண்டுபிடித்துக் கம்பியைத் தந்தத்தால் இழுத்து அறுப்பதையும் அவர்தான் சொன்னார். வேலி போட்டால் சரி என்று எழுதப் போனவன், வேலிக்குக் கீழே புல் வெட்டுகிற ஊர்ச் சங்கம் இல்லாவிட்டால் வேலி வெறும் கம்பி என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. எனக்கு ரெலிபோன் ஓயவில்லை. ஏப்ரல் 14ஐ ஒட்டிக் கிளிநொச்சிக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். வருடத்தில் வெயில் உச்சமான நாளில் நிறுத்தச் சொன்னால் கேட்கத்தானே செய்வார்கள். விளங்கப்படுத்தத் திரும்பவும் குளத்தின் கதைக்கே போனேன். விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, எடுக்கிறவர் குறைவு. வருகிற தண்ணீர் மட்டும் குறையவில்லை. குளம் என்றால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியான வான் பாய்ந்து வழியலாம். மின் வலையமைப்புக்கு வான் இல்லை; உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்து 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு அதிர்ச்சியைத் தாங்கும், பனலில் சுற்றுகிற பாரம் ஏதும் இல்லை. இதற்கு மருந்து பற்றரிதான், அதைப் பெரிய அளவில் நாடு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

மன்னார்க் காற்றாலைகளைப் பற்றியும் எழுதினேன். 30 கோபுரம், 103.5 மெகாவாற், தென்மேல் காற்றான சோளகம் வீசுகிற மாதங்களில் அவை சுற்றுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தீவில் மீன்பிடிக்கிறவர்களும், வலசை வரும் பறவைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் சொல்வதைக் கேட்காமல் அந்தக் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. இரண்டு பகுதியாக வந்தது.

இப்போது ஒவ்வொரு கட்டுரையும் அச்சுக்குப் போக முதல் முழங்காவிலுக்குப் போகிறது. ரீச்சர்தான் முதல் வாசகர். இந்த மாதம், வீட்டுப் பற்றரி பற்றிய கட்டுரையில், ‘உச்சக் கேள்வி நேரம்’ என்று எழுதியிருந்தேன். மின்சாரத் துறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பிரதி திரும்பி வந்தபோது ‘கேள்வி’யைச் சுற்றி அதே நீல மையில் வட்டம், பக்கத்தில் ஒரு குறிப்பு: “ஆர் ஆரைக் கேக்கிற கேள்வி?”

அதை அடித்துவிட்டு, ‘பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் லைற் எரியும் நேரம்’ என்று மாற்றினேன். கட்டுரை 600 சொல்லைத் தாண்டிவிட்டது. முதல் பந்தியில் வெயிலைப் பற்றி மூன்று வரி இருந்தது. அவற்றை வெட்டினேன்.