பதினான்கு ஸ்க்ரூவும் ஒரு பழைய நிலைக்கதவும்

என் படகின் வலது பக்க விளிம்புக் கட்டையை ஸ்க்ரூ டிரைவரால் சும்மா ஒரு குத்து குத்திப் பார்த்தேன், அல்வாவில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. மேலே பளபளவென்று வார்னிஷ் இருக்கிறது, போன வருஷம் நானே அடித்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டியது. அடியில் மரமே இல்லை, ஈரத்தூள்தான்.

படகு 22 அடி, ஃபைபர், ஒற்றைப் பாய்மரம். ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கி, அரியாங்குப்பம் ஆற்றோரத் தென்னந்தோப்பில் கட்டை மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். உடம்புதான் ஃபைபர். மேல்தளத்தைச் சுற்றி ஓடும் விளிம்பு, கூரைமேல் பிடித்துக்கொண்டு நடக்கிற கைப்பிடி, உள்ளே இறங்கும் வாசலின் சட்டம் எல்லாம் தேக்கு. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டி வந்தேன். மரப் படகு ஓடிய காலத்தில் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலை பார்த்தவர், இப்போது எல்லாம் ஃபைபராகிவிட்டதால் கட்டிலும் கதவும் செய்கிறார். விளிம்பில் ஓர் இடத்தை இழைத்துச் சீவலை முகர்ந்தார். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு இடத்தை இழைத்து முகர்ந்தார். "தம்பி, அது தேக்கு. இது தேக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது?" என்றார். சுமார் ஆறடி நீளத்துக்கு வேறு ஏதோ மரத்தைப் போட்டு, கலர் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது படகு சாய்ந்து அந்தப் பக்கம் அடிபட்டது என்று விற்றவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வார்னிஷ் அடிக்கும்போது மர ரேகை அந்த இடத்தில் மட்டும் ஏன் மாறுகிறது என்று ஒரு கணம் யோசித்தேன்தான். யோசித்துவிட்டு மேலேயே அடித்துவிட்டேன்.

அந்த ஆறடியில் 14 ஸ்க்ரூ. ஒன்பது வந்தன, ஐந்து கழுத்தோடு முறிந்தன. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் படாத ஈரத்துக்குள், அதுவும் உப்பு ஈரத்துக்குள் அது மாட்டிக்கொண்டால் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் போய், தலை புதுசாகவும் கழுத்து அரித்தும் இருக்கும். ஈரம் எப்படிப் போனது? யாரோ கட்டைக்கு அடியில் சிலிக்கான் பிதுக்கியிருக்கிறார்கள், குளியலறைக்குப் பூசுகிறோமே அதேதான். அது உரிந்து வந்துவிட்டது. உரிந்த இடத்திலும் அதன் வழவழப்பு ஒட்டிக்கொண்டு வேறு எதையும் பிடிக்க விடாது, சுரண்டிச் சுரண்டி ஒரு நாள் முழுக்கப் போயிற்று. இந்தத் தடவை பாலிசல்ஃபைட் பசைதான்.

பெரிய பயம் கட்டை இல்லை, அதற்குக் கீழே இருக்கிற தளம். இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே மரம் வைத்த சாண்ட்விச் அது. ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் நடுவில் இருப்பது ஊறும். நல்லவேளை, மூன்று ஓட்டையில்தான் ஈரம். எல்லா ஓட்டையையும் பெரிதாகத் துளைத்து, காயவிட்டு, பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினை நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் புது ஓட்டை போட்டோம். இனி தண்ணீர் வந்தாலும் எபாக்ஸியைத்தான் பார்க்கும். புது ஸ்க்ரூ 316, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் எவர்சில்வர் ரகம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்க சார், ஒட்டலை, அசல்" என்றார். சாதாரண ரகமான 304-உம் ஒட்டாது, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

புதுக் கட்டைக்கான மரம், யாரோ இடித்துப் போட்ட ஒரு வீட்டின் தேக்கு நிலைக்கதவு, பழைய மரக்கடையில் கிடைத்தது. இரும்பு ஆணி இருந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. மார்பிள் பாலிஷ்காரர்கள் வாங்கும் ஆக்ஸாலிக் பொடியைக் கரைத்துத் தடவியதில் பெரும்பாலும் போய்விட்டது (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விஷம் அது). கட்டை 20 மில்லிமீட்டர் தடிமன், அதனால் இரண்டு முனையிலும் 160 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, பழைய கட்டையின் சீவலோடு ஒட்டினோம். ஒன்றுக்கு எட்டு, இதில் கஞ்சத்தனம் கூடாது. தேக்கில் எண்ணெய் உண்டு, எபாக்ஸி அதைப் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

ஸ்க்ரூ தலைக்கு மேல் குழியை மூடும் சின்னத் தேக்குத் துண்டை, அதாவது முளையை, அடிக்கிறபோது ஆசாரி எபாக்ஸியை எடுக்க விடவில்லை. வார்னிஷில் தோய்த்து அடித்தார், நாளைக்குப் பிடுங்க வேண்டி வந்தால் வரவேண்டுமே. முளையின் ரேகை கட்டையின் ரேகையோடு ஓட வேண்டும். தலையைச் சீவும்போது முதல் வெட்டு பாதி உயரத்தில்தான், மரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நான் அவசரப்பட்டு அடியோடு வெட்டிய ஒரு முளை, கட்டைக்குக் கீழே பள்ளமாகப் பிய்ந்து நிற்கிறது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வார்னிஷ் கைப்பிடிக்கும் வாசல் சட்டத்துக்கும் மட்டும். முதல் பூச்சு பாதிக்குப் பாதி டர்பன்டைன், அப்புறம் ஆறு பூச்சு, நடுநடுவே 220 உப்புத்தாள். பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, கடல்காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பையும் சேர்த்துப் பூசுவீர்கள். விளிம்புக் கட்டைக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. வெயிலில் சாம்பல் நிறமாகட்டும், குத்தினால் இறங்குகிறதா என்றாவது தெரியும். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை, பழைய பெஞ்சு மாதிரி இருக்கிறதாம்.

நேற்று இடது பக்கத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். படகின் முன்முனையான அணியத்திலிருந்து எட்டாவது முளை வரை டக் டக் என்று கேட்டது. ஒன்பதாவதில் சத்தம் மாறியது. ஆசாரிக்கு போன் போட்டேன், கோயில் தேர் வேலையில் இருக்கிறாராம், ஆவணிக்கு மேல்தான் வர முடியும் என்றார்.